கையால் தைத்த பூட்ஸுக்கு ஏன் இத்தனை விலை: தோலும் தையலும் குறித்த ஒரு விளக்கம்

பார்வைக்கு ஒன்றுபோலிருக்கும் இரண்டு ஜோடித் தோல் பூட்ஸ்களில் ஒன்று மற்றதைவிட நான்கைந்து மடங்கு விலைக்கு விற்கப்படும்போது, அந்தக் கூடுதல் பணம் தோலுக்கா, உழைப்புக்கா, வெறும் பெயருக்கா என்ற கேள்வி எழுவது இயல்பு. ‘ஹேண்ட்மேட்’, ‘பெஞ்ச்மேட்’, ‘குட்இயர் வெல்ட்’, ‘ஃபுல் கிரெய்ன்’, ‘ஷெல் கார்டோவன்’ என்று விற்பனைக் குறிப்புகளில் அடுக்கப்படும் சொற்கள் இக்கேள்விக்கு விடை தருவதுபோல் தோன்றினாலும், அவற்றுள் சில தோலைக் குறிப்பவை, சில தையலைக் குறிப்பவை, சில எதையும் திட்டவட்டமாகக் குறிக்காதவை. இவற்றைப் பிரித்துப் பார்க்காமல் விலையை எடைபோட முடியாது.

பூட்ஸின் ஆயுளைத் தீர்மானிப்பதில் கண்ணில் படும் மேல்தோலைவிட, காலுக்கும் சோலுக்கும் நடுவே மறைந்திருக்கும் உள்ளடித் தோலுக்கும், அதனோடு மேல்தோல் பிணைக்கப்பட்ட விதத்துக்கும் பங்கு அதிகம். விற்பனைப் பேச்சு முழுவதும் மேல்தோலைச் சுற்றியே நடப்பதால்தான் வாங்குவோர் குழம்புகிறார்கள்.

லேபிள் சொல்வதும் சொல்லாததும்

காலணியில் பயன்பட்ட பொருளை அறிவிக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தில் 1994-இலேயே விதி வந்துவிட்டது. மேல்பாகம், உட்புற லைனிங், வெளிச்சோல் ஆகிய மூன்று பகுதிகளிலும் குறைந்தது 80 சதவீதமாக உள்ள பொருள் எது என்று அந்த லேபிள் காட்ட வேண்டும். தோலின் மீது பூசப்பட்ட அல்லது ஒட்டப்பட்ட படலம் 0.15 மில்லிமீட்டரைத் தாண்டினால், அதை வெறுமனே ‘தோல்’ என்று குறிப்பிடக் கூடாது. ‘பூச்சுத் தோல்’ என்றே குறிப்பிட வேண்டும்.

பயனுள்ள விதிதான். ஆனால், தையலைத் தாங்கும் உள்ளடி தோலா அட்டையா, குதிகாலைப் பிடித்து நிற்கும் உள்தகடு தோலா பிளாஸ்டிக்கா, மேல்பாகம் அடிப்பாகத்தோடு பசையால் சேர்ந்திருக்கிறதா தையலால் சேர்ந்திருக்கிறதா என்பவற்றை அந்த லேபிளில் தேடினால் கிடைக்காது. மூன்று பகுதிகளிலும் ‘தோல்’ என்று முத்திரை பெற்ற பூட்ஸின் நடுவே அட்டை இருக்கலாம். அதில் சட்டமீறல் ஏதும் இல்லை. ‘ஹேண்ட்மேட்’ என்ற சொல்லோ இதைவிடவும் தளர்வானது. தோலைக் கையால் வெட்டி, மற்ற வேலைகள் அனைத்தையும் இயந்திரத்தில் செய்தவரும் அச்சொல்லைப் பயன்படுத்துகிறார். தொடக்கம் முதல் இறுதிவரை ஊசி பிடித்துத் தைத்தவரும் அதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்.

பூட்ஸின் உறுப்புகள்

ஒப்பீட்டுக்குத் தேவையான சொற்களை முதலில் வரையறுத்துக்கொள்வோம்.

1. லாஸ்ட்: கால் வடிவில் மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ செய்த கட்டை. பூட்ஸ் இதன்மேல்தான் உருவாகிறது. அளவும் தோற்றமும் இதிலிருந்தே வருகின்றன.

2. அப்பர்: காலை மூடும் மேல்தோல். விரல்களுக்கு மேலே மடங்கும் முன்பகுதி ‘வேம்ப்’ எனப்படுகிறது. அதிக உழைப்பை ஏற்கும் பகுதி அதுவே.

3. இன்சோல்: பாதம் அழுந்தும் உள்ளடி. நல்ல பூட்ஸில் இதுவே அடித்தளம். மற்ற எல்லாம் இதில்தான் கட்டப்படுகின்றன.

4. வெல்ட்: பூட்ஸின் ஓரத்தைச் சுற்றி ஓடும் ஒடுக்கமான தோல்பட்டை. உட்புறத் தையல் இதை இன்சோலோடும் மேல்தோலோடும் சேர்க்கிறது. வெளிப்புறத் தையல் இதைச் சோலோடு சேர்க்கிறது.

5. கவுண்டர், ஷாங்க்: குதிகாலைச் சுற்றி மேல்தோலுக்கும் லைனிங்குக்கும் நடுவே நிற்கும் விறைப்பான தகடு கவுண்டர். குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் இடையே, பாத வளைவின் கீழ் கிடக்கும் இரும்பு, மர அல்லது தோல் துண்டு ஷாங்க்.

சோலைப் பிணைக்கும் முறைகள்

1. பசை முறை. மேல்தோலைப் பலகைபோன்ற உள்ளடியில் மடித்து ஒட்டி, சோலையும் ஒட்டிவிடுவது. எடை குறைவு, விலையும் குறைவு. சோல் தேய்ந்தால் பெரும்பாலும் பூட்ஸின் கதை முடிந்தது.

2. பிளேக் தையல். லைமன் பிளேக் என்ற அமெரிக்கர் 1858-இல் காப்புரிமை பெற்ற இயந்திரத்திலிருந்து வந்தது. இன்சோல், மடித்த மேல்தோல், சோல் மூன்றையும் ஒரே தையல் ஊடுருவுகிறது. மெலிவும் வளைந்துகொடுக்கும் தன்மையும் இதன் சிறப்பு. இத்தாலியப் பட்டறைகள் இதை விரும்புவதற்கும் அதுவே காரணம். ஆனால் தையல் துளைகள் தரையிலிருந்து பாதம்வரை நேராகச் செல்வதால் ஈரம் ஏறிவரும் வாய்ப்பு கூடுதல். சோல் மாற்றும் ஒவ்வொரு முறையும் இன்சோல் புதிதாகத் துளைபடுகிறது.

3. குட்இயர் வெல்ட். ரப்பரை வல்கனைஸ் செய்த சார்லஸ் குட்இயரின் மகன், சார்லஸ் குட்இயர் ஜூனியர், 1870களில் செப்பனிட்ட இயந்திரத்தின் பெயரால் அழைக்கப்படுவது. அதுவரை கையால் தைக்கப்பட்ட வெல்ட்டை இது இயந்திரத்தின் வசமாக்கியது. வெல்ட் இடையில் இருப்பதால், சோலை அறுத்தெடுத்துப் புதிதாகத் தைக்கும்போது மேல்தோலையோ இன்சோலையோ தொட வேண்டியதில்லை.

4. ஸ்டிட்ச்டவுன். மேல்தோலின் விளிம்பை உட்புறம் மடிக்காமல் வெளிப்புறம் விரித்து, வெளிச்சோலுக்கு மேலுள்ள நடு அடுக்கான மிட்சோலின்மீது நேரே வைத்துத் தைப்பது. வெளியே விரிந்த தோலே விளிம்பை மூடிவிடுவதால் நீரும் மண்ணும் புகும் இடைவெளி குறைகிறது. கனமான தோலுக்கும் கரடுமுரடான வேலைக்கும் ஏற்றது.

5. கை வெல்ட். வெல்ட் முறையின் மூலவடிவம். இன்சோல் தோலிலேயே தையலுக்கான மேடு செதுக்கப்பட்டு, வெல்ட் கையால் தைக்கப்படுகிறது.

ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் வளர்ந்த நார்வீஜியத் தையலும், டெக்சாஸ் குதிரையோட்டிகளின் பூட்ஸ்களில் நடுப்பகுதியைப் பிடித்து நிற்கும் மரஆணிகளும் இந்தப் பட்டியலில் சேரத்தக்கவையே. மரஆணி நனைந்தால் ஊதி இன்னும் இறுகும், இரும்பாணிபோல் துருப்பிடிக்காது. எனினும் உயர்விலைச் சந்தையில் வாங்குவோரைக் குழப்புவது குட்இயர் வெல்ட்டுக்கும் கை வெல்ட்டுக்கும் உள்ள வேறுபாடுதான் என்பதால், அதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்.

மறைந்திருக்கும் துணிவிளிம்பு

குட்இயர் இயந்திரத்தின் ஊசி இன்சோலின் அடியில் ஒரு நிமிர்ந்த விளிம்பைத் தேடிக் குத்துகிறது. இன்று பெரும்பாலான தொழிற்சாலைகளில் அந்த விளிம்பு தோலால் ஆனதன்று. விறைப்பாக்கப்பட்ட கேன்வாஸ் துணிப் பட்டையை மடித்து, இன்சோலின் அடிப்பக்கத்தில் சுற்றிலும் பசையால் ஒட்டிவிடுகிறார்கள். ‘கெம்மிங்’ என்று இதற்குப் பெயர். மேல்தோல், லைனிங், வெல்ட் அனைத்தையும் இயந்திரம் இந்தத் துணிவிளிம்போடுதான் தைக்கிறது.

இதிலிருந்து மூன்று விளைவுகள் தொடர்கின்றன.

முதலாவது, தையல் எத்தனை உறுதியாக இருந்தாலும், அந்தத் தையல் பிடித்திருக்கும் விளிம்பை இன்சோலோடு சேர்த்து வைத்திருப்பது பசையே. ஆண்டுக்கணக்கில் வியர்வையும் வெப்பமும் வளைவும் தாக்கி அப்பசை ஓரிடத்தில் விட்டுவிட்டால், அங்கே மேல்தோல் தளர்ந்து பூட்ஸின் வடிவம் குலைகிறது. அதைச் சீர்செய்ய, பூட்ஸைப் பிரித்து மறுபடியும் லாஸ்டில் ஏற்றி விளிம்பைப் புதிதாக ஒட்ட வேண்டும்.

இரண்டாவது, துணிவிளிம்பு தனியே எழும்பி நிற்பதால் அதன் நடுவே ஆழமான பள்ளம் உண்டாகிறது. அதைக் கார்க் தூளால் நிரப்புகிறார்கள். ‘கார்க் படுக்கை காலுக்கேற்ப அழுந்தி வடிவம் பெறும்’ என்று விளம்பரப்படுத்தப்படுவது இதைத்தான். அது உண்மையும்கூட. ஆனால் கார்க் அங்கே வந்ததற்கு முதற்காரணம், நிரப்பியாக வேண்டிய பள்ளம் ஒன்று இருந்தது.

மூன்றாவதுதான் விலையைப் பொறுத்தவரை முக்கியமானது. தையலைத் துணிவிளிம்பு தாங்கிக்கொள்வதால், இன்சோல் தடித்த உயர்தரத் தோலாக இருக்க வேண்டிய கட்டாயம் நீங்கிவிடுகிறது. மெல்லிய தோலோ, தோல்தூளை அழுத்திச் செய்த பலகையோகூட அந்த இடத்தில் அமரலாம். ‘குட்இயர் வெல்ட்’ என்ற ஒரே பெயரின் கீழ் மிக நல்ல பூட்ஸும் மிகச் சாதாரணமான பூட்ஸும் விற்கப்படுவதன் காரணம் இதுவே.

இதை வைத்து குட்இயர் வெல்ட்டையே ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. நல்ல தோல் இன்சோலின்மீது கவனமாக ஒட்டப்பட்ட கெம்மிங் பலமுறை சோல் மாற்றியும் விட்டுக்கொடுக்காமல் உழைப்பதை இங்கிலாந்தின் நார்தாம்ப்டன் பூட்ஸ்கள் பல தலைமுறைகளாகக் காட்டி வருகின்றன. குறை முறையில் இல்லை. கை வெல்ட்டுக்கு நிகரான விலையைக் கேட்டுக்கொண்டு, உள்ளே என்ன இருக்கிறது என்பதைச் சொல்லாமல் விடுவதில்தான் இருக்கிறது.

கை வெல்ட்டில் நடப்பது என்ன

கை வெல்ட் வேலையில், தாவரப் பட்டையில் பதனிட்ட, சுமார் 5 மில்லிமீட்டர் கனமுள்ள தோல் நீரில் ஊறவைக்கப்பட்டு, லாஸ்டின் அடிப்பக்கத்தில் ஆணியடித்துப் பொருத்தப்படுகிறது. காயும்போது அது லாஸ்டின் வளைவுகளை அப்படியே ஏற்றுக்கொள்கிறது. பிறகு கைவினைஞர் கத்தியால் விளிம்பைப் படிபோலச் சீவி, சற்று உள்தள்ளி ஒரு பள்ளத்தையும் வெட்டுகிறார். சீவலுக்கும் பள்ளத்துக்கும் இடையே எஞ்சி நிற்கும் தோல்மேடுதான் தையலைத் தாங்கப்போகும் இடம். அது இன்சோலின் ஒரு பகுதியே என்பதால், பிரிந்து வருவதற்கு அங்கே எதுவும் இல்லை.

அடுத்து மேல்தோலை லைனிங்கோடு லாஸ்டின்மீது இழுத்து, சுருக்கம் விழாமல் அடியில் மடித்து ஆணிகளால் நிறுத்துகிறார். வளைந்த குத்தூசியால் தோல்மேடு, லைனிங், மேல்தோல், வெல்ட் அனைத்தையும் ஒரே துளையாகக் குத்தி, பைன் பிசினும் தேன்மெழுகும் ஏற்றிய பல இழை லினன் நூலின் இரு முனைகளையும் அத்துளை வழியே எதிரெதிர்த் திசையில் செலுத்தி, நூலைக் கைகளில் சுற்றிக்கொண்டு முழு பலத்தோடு இழுக்கிறார். இழுக்கும்போது எழும் சூட்டில் பிசின் இளகித் துளையை அடைத்து, ஆறியதும் இறுகிவிடுகிறது. இவ்வாறு தைத்த நூல் ஓரிடத்தில் அறுந்தாலும் பக்கத்துத் தையல்கள் தத்தம் இடத்தில் நின்றுவிடுகின்றன. குட்இயர் இயந்திரம் இடுவதோ ஒற்றை நூலின் சங்கிலித் தையல், ஓரிடத்தில் அறுந்தால் தொடர்ந்து பிரிய இடமுண்டு.

இயந்திரம் ஒரு பூட்ஸின் வெல்ட்டை ஒரு நிமிடத்துக்குள் தைத்துவிடும். தேர்ந்த கைவினைஞருக்கு ஒரு ஜோடியின் வெல்ட்டுக்கே சில மணி நேரம் பிடிக்கும். அதோடு, பூட்ஸைப் பல நாள்கள் லாஸ்டிலேயே இருத்தினால்தான் தோல் அந்த வடிவத்தை மறக்காது. அத்தனை நாளும் அந்த லாஸ்ட் வேறு வேலைக்குக் கிடைக்காது. கூடுதல் விலையில் நியாயமான பங்கு இங்கேதான் செலவாகிறது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. வெல்ட்டைக் கையால் தைத்த பிறகு, வெல்ட்டையும் சோலையும் சேர்க்கும் வெளித்தையலை இயந்திரத்தில் இடும் பட்டறைகள் பல. இதனால் உறுதிக்கு எந்தக் குறையும் இல்லை. வெளித்தையல் எப்படியும் சோல் மாற்றும்போது அறுக்கப்படுவதுதான். ஓர் அங்குலத்துக்குப் பன்னிரண்டு தையல் என்று நுணுக்கமாகக் கையால் இட்ட வெளித்தையல் அழகுக்கும் திறமைக்கும் சான்று. ஆயுள் மட்டுமே நோக்கமாக இருப்பவர் அதற்காகக் கூடுதல் பணம் தர வேண்டிய அவசியமில்லை என்பது என் கணிப்பு.

தோல்: பதனிடுதலில் தொடங்கும் வேறுபாடு

பச்சைத் தோல் அழுகாமல் நிலைக்க, அதன் கொலாஜன் இழைகளைப் பிணைத்துக் கட்ட வேண்டும். அதற்கு இரண்டு பெருவழிகள் உள்ளன.

குரோம் உப்பால் பதனிடும் முறை 1884-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்று வணிகத்துக்கு வந்தது. ஓரிரு நாள்களில் முடிந்துவிடும். தோல் மென்மையாகவும், வெப்பத்தையும் நீரையும் தாங்குவதாகவும் இருக்கும். தாவர முறையில் ஓக், வாட்டில் போன்ற மரப்பட்டைகளின் துவர்ப்புப் பொருள் வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் மெல்ல ஊறி இறங்குகிறது. தென்னிந்தியாவில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இவ்வேலையைச் செய்தன; அவ்வாறு அரைப்பதமாகப் பதனிடப்பட்டுச் சென்னைத் துறைமுகம் வழியே சென்ற தோல் ‘ஈஸ்ட் இந்தியா லெதர்’ என்ற பெயரில் பிரிட்டிஷ் சந்தையில் அறியப்பட்டது, இன்று புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது.

தாவரத்தில் பதனிட்ட தோல் விறைப்பானது. நனைந்தபின் கொடுத்த வடிவத்தைக் காய்ந்ததும் பிடித்துக்கொள்ளும். வியர்வையை உறிஞ்சி வெளியேற்றும். பழைய தோல் செருப்பில் ஐந்து விரல்களின் தடமும் பதிந்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்ததே. குரோம் தோலோ எவ்வளவு அழுத்தினாலும் பழைய நிலைக்கே மீளும். ஆகவே மடங்கி மடங்கி நிமிர வேண்டிய மேல்தோலுக்குக் குரோமும், வடிவம் காக்க வேண்டிய இன்சோல், வெல்ட், கவுண்டர், சோல் ஆகியவற்றுக்குத் தாவரமும் என்பது தொழிலின் பொதுவிதி. ‘முழுக்க முழுக்கத் தாவரத்தில் பதனிட்டது’ என்பதை எல்லாவற்றிலும் மேலான தகுதியாகச் சொல்வது இந்த விதியை மறந்த பேச்சு.

இதில் சூழல் குறித்த ஒரு வாதமும் சேர்ந்துகொள்கிறது. குரோம் கழிவு எத்தகைய கேட்டை விளைவிக்கும் என்பதைப் பாலாற்றங்கரை மக்களுக்கு யாரும் எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை. வேலூர் மாவட்டத் தோல் பதனிடும் ஆலைகள் குறித்து உச்ச நீதிமன்றம் 1996-இல் அளித்த தீர்ப்பு இந்தியச் சூழலியல் சட்ட வரலாற்றில் ஒரு மைல்கல். ஆனால் பச்சைத் தோல் கெடாமலிருக்க இடப்படும் உப்பு எந்த முறையிலும் கழிவுநீரில்தான் சேர்கிறது. தாவர முறைக் கழிவையும் சுத்திகரித்தே வெளியேற்ற வேண்டும். எனவே கேட்க வேண்டிய கேள்வி, பதனிட்டது எதனால் என்பதோடு, கழிவை என்ன செய்தார்கள் என்பதும்தான்.

மேல்தோல் வகைகள்

தோலின் மேற்புறத்தில் இழைகள் மிக நெருக்கமாகப் பின்னியிருக்கும். கீழே செல்லச் செல்லத் தளர்ந்திருக்கும். மேற்பரப்பைத் தேய்க்காமல் விட்டால் ‘ஃபுல் கிரெய்ன்’. கொசுக்கடி, முள்கீறல் போன்ற குறைகளை மறைக்க மேற்பரப்பை உரசித் தேய்த்து, நிறப்பூச்சை ஏற்றினால் ‘கரெக்டட் கிரெய்ன்’. புதிதாக இருக்கும்போது இரண்டாவதுதான் கூடுதலாக மினுங்கும். ஆறு மாதம் போட்ட பிறகு வேம்ப் மடிப்பைக் கவனித்தால் வேறுபாடு தெரியும்: முதலாவதில் பல நுண்கோடுகள் ஓடி, மெழுகு தேய்த்ததும் அடங்கும், இரண்டாவதில் பூச்சு விரிசல் கண்டு, கீழிருக்கும் வெளிறிய இழை எட்டிப்பார்க்கும்.

உயர்விலைப் பூட்ஸ்களில் அடிக்கடி காணப்படும் தோல்கள் இவை:

1. பாக்ஸ் கால்ஃப். இளங்கன்றின் தோல், பெரும்பாலும் ஒன்றரை மில்லிமீட்டருக்கும் குறைந்த கனம், கண்ணுக்கு எளிதில் புலப்படாத துளைகள். பிரான்ஸின் அன்னோனே, புய் ஊர்களின் ஆலைகள் இதற்குப் பெயர்பெற்றவை. அவ்விரண்டையும் கைப்பை தயாரிக்கும் ஹெர்மேஸ் நிறுவனம் 2010களில் வாங்கிக்கொண்டது. முதல்தரக் கன்றுத்தோலுக்காகப் பூட்ஸ் பட்டறைகள் யாரோடு போட்டியிட வேண்டியிருக்கிறது என்பதை இதிலிருந்தே அறியலாம்.

2. குரோம்எக்செல். சிகாகோவில் 1905-இல் தொடங்கிய ஹார்வீன் ஆலையின் தயாரிப்பு. முதலில் குரோமிலும் பின்னர் தாவரத்திலும் பதனிட்டு, சூடான நிலையில் எண்ணெயும் கொழுப்பும் மெழுகும் ஊட்டப்பட்டது. வளைக்கும் இடத்தில் எண்ணெய் விலகி நிறம் வெளுப்பதும், கீறல் விழுந்தால் விரலால் தேய்த்து மறைக்க முடிவதும் இதன் அடையாளங்கள். மென்மையானது, வயிற்றுப் பக்கத்துத் தளர்ந்த தோலில் வெட்டப்பட்டிருந்தால் மடிப்புகள் பருத்துத் தொங்கும்.

3. ஷெல் கார்டோவன். குதிரையின் பின்புறத் தோலுக்கு உள்ளே இருக்கும் அடர்ந்த இழைப்படலம். ஒரு குதிரைக்கு இரண்டு சிறு நீள்வட்டத் துண்டுகள் மட்டுமே கிடைக்கும். ஹார்வீனில் அவற்றைப் பதனிட ஆறு மாதமாவது ஆகிறது. ஜப்பானின் ஹிமேஜி நகரிலுள்ள ஷின்கி ஆலையும் இதற்குப் புகழ்பெற்றது. கன்றுத்தோல்போல் சுருங்காமல் அலைபோல் உருண்டு மடங்கும், வெடிப்பது அரிது. மழைத்துளி பட்டால் புள்ளிகள் புடைத்து எழும், பிரஷ்ஷால் தேய்த்தால் அடங்கும். குதிரைத் தோல் இறைச்சித் தொழிலின் உபபொருளாகவே வருவதால், கேட்பவர் கூடினாலும் வரத்து கூடுவதில்லை. விலையின் பெரும்பகுதி இந்த அருமைக்குத்தான்.

4. ரஃப்அவுட். தடித்த ஃபுல் கிரெய்ன் தோலை, சதைப்பக்கம் வெளியே இருக்கும்படி திருப்பி வைப்பது. சொரசொரப்பான பக்கம் அடி வாங்கிக்கொள்ள, நெருங்கிய இழையுள்ள மேற்பரப்பு உள்ளே பத்திரமாக இருக்கிறது. வேலைக்கான பூட்ஸில் இதைவிடப் புத்திசாலித்தனமான தேர்வு குறைவு. மேல்பரப்பை நீக்கிவிட்ட மெல்லிய ஸ்பிளிட் தோலோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

தோலின் பெயரைவிட, அது உடலின் எந்தப் பகுதியிலிருந்து வெட்டப்பட்டது என்பதற்கு மதிப்பு அதிகம். முதுகெலும்பை ஒட்டிய பகுதி இறுக்கமானது. வயிறும் தொடையிடுக்கும் தளர்ந்தவை. ஒரே தோலிலிருந்து வேம்பை முதுகுப்பக்கத்திலும் கயிற்றின் கீழிருக்கும் நாக்கைத் தளர்ந்த பக்கத்திலும் வெட்டுபவர் நல்ல பூட்ஸ் செய்கிறார். வீணாவதைக் குறைக்க எல்லா இடத்திலும் வெட்டுபவர் அதே தோலில் சாதாரணப் பூட்ஸ் செய்கிறார். ஆஸ்திரேலியாவின் ஆர்.எம். வில்லியம்ஸ் பூட்ஸ்களின் மேல்பாகம் ஒரே துண்டுத் தோலில், பின்புறம் ஒரே தையலோடு அமைவதால், குறையற்ற பெரிய பரப்பு தேவைப்படுகிறது. அங்கே வெட்டும் வேலையே விலையை உயர்த்துகிறது.

பார்வைக்கு எட்டாத மற்ற பாகங்கள்

கவுண்டர் தோலாக இருந்தால் சில வாரங்களில் குதிகாலின் வடிவத்துக்கு இணங்கும். வெப்பத்தில் இளகும் பிளாஸ்டிக் தகடு தொடக்கத்திலிருந்தே ஒரே வடிவில் நிற்கும், உடைந்தால் உடைந்ததுதான். குதிகாலடுக்கும் அப்படியே: தோல் துண்டுகளை அடுக்கியதும் உண்டு, தோல்தூள் பலகையின் ஓரத்தில் கோடு போட்டதும் உண்டு.

சோலுக்கான தோலில் காலமே தரத்தைத் தருகிறது. இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில், கோலிட்டன் என்ற சிற்றூரிலுள்ள பேக்கர் ஆலையில் ஓக் பட்டைக் குழிகளில் தோல் ஓராண்டுக்கு மேல் கிடக்கிறது. பிரான்ஸின் ஜே.எம். வெஸ்டன் நிறுவனம் சோல் தோலுக்கென்றே தனக்குச் சொந்தமாக ஓர் ஆலை வைத்திருக்கிறது. ஈரத்தரைக்கு ரப்பரே பொருத்தம். 1935-இல் மலையேற்ற விபத்தில் தோழர்களை இழந்த இத்தாலியரான விட்டாலே பிரமானி, 1937-இல் ஆழமான பற்களுடைய ரப்பர் சோலை உருவாக்கினார். அந்தச் சோலுக்கு வைத்த வைப்ரம் என்ற பெயர் அவருடைய பெயரின் சுருக்கம். சோலை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்பதால், வாங்கும் நேரத்தில் இதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை.

மூன்று மரபுகள், மூன்று நோக்கங்கள்

நார்தாம்ப்டனின் டிரிக்கர்ஸ் (1829), கிராக்கெட் அண்டு ஜோன்ஸ் (1879), எட்வர்டு கிரீன் (1890) ஆகியவை குட்இயர் வெல்ட்டை அதன் உச்சத்துக்குக் கொண்டுசென்றவை. ஒரே அளவில், ஒரே தரத்தில், பல ஆண்டுகள் கழித்தும் ஆலைக்கே அனுப்பி அசல் லாஸ்டில் ஏற்றிப் புதுப்பிக்கும் வசதியோடு கிடைப்பது அவற்றின் பலம்.

அமெரிக்க, கனடிய மேற்குக்கரையின் மரபு காட்டுவேலையில் பிறந்தது. ஓரிகனின் வெஸ்கோ (1918), விக்டோரியா நகரின் வைபர்க் (1931), ஸ்போகேன் நகரின் வைட்ஸ், நிக்ஸ் ஆகியவை மரம்வெட்டுவோருக்கும் காட்டுத்தீ அணைப்போருக்கும் பூட்ஸ் செய்து வளர்ந்தவை. தீயணைப்போர் குறைந்தது 8 அங்குல உயரத் தோல் பூட்ஸ் அணிய வேண்டும் என்பது அங்குள்ள நடைமுறை. சரிவில் நாள் முழுவதும் நிற்பவருக்குத் தடித்த தோல் ஷாங்க், உயர்ந்த பாதவளைவு, ஸ்டிட்ச்டவுன் விளிம்பு எல்லாம் தேவையிலிருந்து வந்தவை. அலுவலகம் செல்பவர் அதே பூட்ஸைப் போட்டுப் பழக்குவதற்குள் படும் பாடு, அது தரமற்றது என்பதற்குச் சான்றாகாது. அது வேறு காலுக்கும் வேறு நிலத்துக்கும் செய்யப்பட்டது.

வியன்னா, புடாபெஸ்ட் நகரங்களின் மரபில் கை வெல்ட் அறுபடாமல் தொடர்ந்தது. புடாபெஸ்டின் வாஸ் பட்டறையும் ருமேனியாவின் செயின்ட் கிரிஸ்பின்ஸும் இன்று அதை ஆயத்த அளவுகளிலும் தருகின்றன. டோக்கியோவின் சிறு பட்டறைகள் இம்மரபையும் அமெரிக்க வேலைப் பூட்ஸின் தோற்றத்தையும் இணைத்திருப்பது அண்மைக்கால வளர்ச்சி. தமிழ்நாட்டின் ஆம்பூர், ராணிப்பேட்டை வட்டாரம் உலகப் பிராண்டுகளுக்கு அப்பரும் காலணியும் செய்து தருகிறது; தோலும் தேர்ந்த கைகளும் உள்ள அந்த வட்டாரம் வெல்ட் வேலையில் இன்னும் பெயர் பெறும் என்று நம்புவதற்கு இடமிருக்கிறது.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

1. வெல்ட் எதனோடு தைக்கப்பட்டிருக்கிறது? செதுக்கிய தோல்மேட்டோடா, ஒட்டிய துணிவிளிம்போடா? நேர்மையான விற்பனையாளர் இதற்கு ஒரே வரியில் பதில் சொல்வார்.

2. இன்சோல் எந்தத் தோல், எத்தனை மில்லிமீட்டர்? மேல்தோல் ஆலையின் பெயரைப் பெருமையாகச் சொல்லிவிட்டு, இந்தக் கேள்விக்கு மட்டும் ‘உயர்தரத் தோல்’ என்று முடித்துக்கொண்டால் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

3. ஒரே பணத்துக்கு, கெம்மிங் வைத்த கார்டோவன் பூட்ஸும், நல்ல கன்றுத்தோலில் கை வெல்ட் செய்த பூட்ஸும் கிடைத்தால்? நாள்தோறும் போட்டு நடப்பவருக்கு நான் பரிந்துரைப்பது இரண்டாவதையே. அரிய தோலின் அழகை விரும்பி, மாதத்தில் சில நாள்கள் மட்டும் அணிபவருக்கு முதலாவது குறையுடையதன்று.

4. சோலை யார் மாற்றித் தருவார்கள்? செய்த பட்டறையே மாற்றினால், பூட்ஸ் தன் சொந்த லாஸ்டில் மீண்டும் ஏறுகிறது. லாஸ்ட் இல்லாமல் மாற்றினால், இழுவையில் முன்பாதம் குறுகவோ முனை மேலெழவோ இடமுண்டு. வெளிநாட்டுப் பட்டறையென்றால் இருவழிக் கப்பல் செலவையும் சுங்கத்தையும் விலையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும். அந்தத் தொகை தாங்காது என்றால், உள்ளூரில் வெல்ட் வேலை அறிந்த ஒருவரை முதலில் கண்டுபிடித்துவிட்டு, அதன்பிறகு வாங்குவதே முறை.